பேஸ் கேட்கவில்லையா? ஒலியைக் கூட்டும் முன் இதைப் படியுங்கள்

திருமண மண்டபத்திலோ தீபாவளிக் கலைநிகழ்ச்சியிலோ மேடைக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறீர்களா? பாடகர் என்ன பாடுகிறார் என்பது காதில் விழுகிறதோ இல்லையோ, நெஞ்சுக்குள் ‘தும் தும்’ என்று ஒன்று இடித்துக்கொண்டே இருக்கும். அதே பாடலை வீட்டுக்கு வந்து கைப்பேசியில் ஒலிக்கவிட்டால் அந்த இடி காணாமல் போய்விடுகிறது. ஆனாலும் பாட்டின் அடியில் ஓடும் மெட்டு மட்டும் எப்படியோ கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

மேடையில் நிற்பவரின் குறை வேறு. “அண்ணே, பேஸ் கேக்கவே இல்ல, கொஞ்சம் ஏத்துங்க” என்கிறார் பேஸ் கித்தார் வாசிப்பவர். ஏற்றுகிறார்கள். உடனே கித்தார்காரருக்குத் தம் கித்தார் கேட்கவில்லை. அவரும் ஏற்றுகிறார். டிரம்ஸ் வாசிப்பவர் ஓங்கி அடிக்கிறார். பாடகர் கத்துகிறார். நிகழ்ச்சி முடியும்போது எல்லார் காதிலும் ‘ஙொய்’ என்ற இரைச்சல்.

இளையராஜாவின் பாடல்களை ஹெட்ஃபோனில் கூர்ந்து கேட்டவர்களுக்கு, குரலுக்கு அடியில் பேஸ் கித்தார் தனியாக ஒரு மெட்டுப் பாடிக்கொண்டிருப்பது தெரியும். ஏ. ஆர். ரஹ்மானுடன் வாசித்த கீத் பீட்டர்ஸ், மோகினி டே போன்றவர்களின் பெயர்களும் நம் இளையோருக்குப் புதியவை அல்ல. இசைக்குழு தொடங்கும் நம் மாணவர்கள் பலர் இன்று விரும்பிக் கையில் எடுக்கும் கருவி இது. அவர்களுக்கும், அவர்கள் வீட்டில் இருக்கும் உங்களுக்கும் ஒரு கேள்வி: ஆழ்ந்த ஒலியை எல்லாருக்கும் கேட்கும்படி செய்வது ஏன் இவ்வளவு கடினம்? விடை தெரிந்தால், ஒலியைக் கூட்டாமலேயே பேஸைக் கேட்க வைக்கலாம். காதையும் காப்பாற்றலாம்.

கம்பியில் தொடங்குவோம்

சாதாரண கித்தாரின் மிகத் தடித்த கம்பி நொடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கிறது. அதாவது 82 ஹெர்ட்ஸ். நான்கு கம்பி பேஸ் கித்தாரின் மிகத் தடித்த கம்பியான ‘ஈ’ கம்பி அதில் பாதி, 41 ஹெர்ட்ஸ். ஐந்து கம்பி பேஸில் இன்னும் கீழே, 31 ஹெர்ட்ஸ் வரை போகலாம். மனிதக் காது கேட்கக்கூடிய கீழ் எல்லை சுமார் 20 ஹெர்ட்ஸ். அந்த எல்லைக்குச் சற்று மேலேதான் இந்தக் கருவி வாழ்கிறது.

அதிர்வெண்ணைப் பாதியாக்க ஒரு வழி, கம்பியின் நீளத்தை இரட்டிப்பாக்குவது. கித்தார் கம்பியின் அதிரும் பகுதி ஏறத்தாழ 65 சென்டிமீட்டர். இரட்டித்தால் 130 சென்டிமீட்டர். அவ்வளவு நீளமான கழுத்தில் விரல்கள் எப்படி ஓடும்? ஆகவே பேஸ் கித்தாரின் நீளத்தை 34 அங்குலத்தில், அதாவது சுமார் 86 சென்டிமீட்டரில் நிறுத்தி, மீதிக் குறையைக் கம்பியின் எடையால் சரிக்கட்டினார்கள். கனமான கம்பி மெதுவாக அதிரும்.

அப்படியென்றால் ஒரே தடித்த எஃகுக் கம்பியைப் போட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். போட்டால் அது கம்பி போல ஆடாமல் கோல் போல விறைத்து நிற்கும். அதன் மேல்சுரங்கள் சுருதி விலகும். அதனால்தான் நடுவில் ஒரு மெல்லிய எஃகுக் கம்பியை வைத்து, அதன்மேல் வேறு கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றுகிறார்கள். எடை கூடும், வளையும் தன்மை குறையாது. அடுத்த முறை பேஸ் கம்பியில் விரலை ஓட்டிப் பாருங்கள். சொரசொரப்பாக இருக்கும். அந்தச் சொரசொரப்பு இந்தச் சுற்றுக் கம்பிதான்.

பெரிய பிடிலிலிருந்து பேஸ் கித்தாருக்கு

பேஸ் கித்தாருக்கு முன் அந்த வேலையைச் செய்தது ஆளுயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸ். தூக்கிச் செல்வது பெரும்பாடு. டிரம்ஸும் மின்கித்தாரும் வந்த பிறகு அதன் ஒலி கூட்டத்தில் அமுங்கிப் போனது. 1946இல் அமெரிக்காவில் எவரெட் ஹல் என்ற டபுள் பேஸ் கலைஞர், கருவியைத் தரையில் ஊன்றும் ஆணியோடு ஓர் ஒலிவாங்கியைப் பொருத்தி, அதைக் கருவியின் வயிற்றுக்குள் நுழைத்தார். ஒலி பெருக்கப்பட்ட ஆணி! ஆங்கிலத்தில் அந்தச் சொற்களைச் சுருக்கி வைத்த பெயர்தான் ‘ஆம்பெக்’. இன்றும் பேஸ் ஆம்ப் என்றால் பலர் முதலில் சொல்லும் பெயர் அது.

1951இல் கலிபோர்னியாவின் லியோ ஃபெண்டர், தோளில் மாட்டிக்கொண்டு வாசிக்கும் ‘பிரிசிஷன் பேஸ்’ கித்தாரைக் கொண்டுவந்தார். இது முதல் முயற்சி அல்ல. சியாட்டல் நகரின் பால் டட்மார்க் 1930களிலேயே ஒரு மின்பேஸை விற்றுப் பார்த்தார். ஆனால் உலகமெங்கும் பரவியது ஃபெண்டரின் கருவிதான். அதன் கழுத்தில், நம் வீணையில் இருப்பதைப் போன்ற மெட்டுகள் இருந்தன. விரலை எங்கே வைப்பது என்று தடவ வேண்டியதில்லை. சுரம் துல்லியமாக விழும். ‘பிரிசிஷன்’ என்ற பெயருக்கும் துல்லியம் என்றுதான் பொருள்.

காந்தமும் சுருளும், கூடவே ஓர் எச்சரிக்கையும்

பேஸ் கித்தாரின் உடல் பெரும்பாலும் திடமான மரம். அதற்குள் காற்று இல்லை, ஆகவே ஒலியும் இல்லை. கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுவது ‘பிக்கப்’. காந்தத்தைச் சுற்றி, தலைமுடி போன்ற மெல்லிய தாமிரக் கம்பியைப் பல ஆயிரம் சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். மேலே இருக்கும் எஃகுக் கம்பி ஆடும்போது காந்தப்புலம் மாறுகிறது. புலம் மாறினால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இதுதான். படிவம் 5 மாணவர்கள் தேர்வுக்குப் படிக்கும் அதே பாடம். நைலான் கம்பியைப் போட்டால் இந்தக் கருவி ஊமையாகிவிடும். ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

ஆனால் சுருளுக்குக் கம்பியின் அதிர்வு எது, சுவரில் ஓடும் மின்சாரத்தின் புலம் எது என்று பிரித்தறியத் தெரியாது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் மாறிக்கொண்டே இருக்கிறது. அதுவும் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்ற முனகலாக வந்து சேரும். பேஸ்காரருக்கு இதில் ஒரு கூடுதல் தொல்லை. ஈ கம்பியில் மூன்றாவது மெட்டை அழுத்தினால் வரும் ‘ஜி’ சுரம் 49 ஹெர்ட்ஸ். அதாவது நம் மின்சாரம் பேஸின் எல்லைக்குள்ளேயே வந்து, சற்றே சுருதி விலகிப் பாடுகிறது!

இதை அடக்க ஓர் அழகான தந்திரம் உண்டு. ஒரு சுருளுக்குப் பதில் இரண்டு வைத்து, ஒன்றை எதிர்த்திசையில் சுற்றி, அதன் காந்தத்தையும் தலைகீழாக்கிவிடுவார்கள். கம்பியின் அதிர்வு தரும் மின்சாரம் இரண்டிலும் ஒத்துப்போகும். வெளியிலிருந்து வரும் முனகல் இரண்டிலும் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பிரிசிஷன் பேஸில் 1957 முதல் இரண்டாகப் பிளந்த பிக்கப் இருப்பது இப்படித்தான்.

முனகலை அடக்க இன்னொரு குறுக்குவழியும் சிலரிடம் உண்டு. மூன்று ஊசி பிளக்கில் எர்த் கம்பியைக் கழற்றிவிடுவது. முனகல் நின்றுவிடும், உண்மைதான். ஆனால் ஆம்பில் கோளாறு ஏற்பட்டால், மின்சாரம் தரைக்குப் போகும் பாதையும் போய்விடும். அப்போது பேஸ்காரரின் கை உலோகக் கம்பியில், உதடு உலோக ஒலிவாங்கியில். மின்சாரம் உடல் வழியாகப் போகும். 1972இல் ஸ்டோன் த குரோஸ் என்ற ஸ்காட்லாந்து இசைக்குழுவின் கித்தார் கலைஞர் லெஸ் ஹார்வி, வேல்ஸில் உள்ள ஸ்வான்சீ நகரில், சரியாக எர்த் செய்யப்படாத ஒலிவாங்கியைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார். எர்த் கம்பியை ஒருபோதும் கழற்றாதீர்கள். மேடைக் கருவிகள் எல்லாவற்றையும் ஒரே மின்வழியிலிருந்து இணைத்தால் முனகல் பெரும்பாலும் குறையும். அதற்கும் அடங்காவிட்டால், பேஸுக்கும் மிக்ஸருக்கும் நடுவே மின்மாற்றி உள்ள டி.ஐ. பெட்டியை வைக்கலாம். அதில் உள்ள ‘கிரவுண்ட் லிஃப்ட்’ பொத்தான் சமிக்ஞைக் கம்பியின் தரை இணைப்பை மட்டும்தான் துண்டிக்கும். பிளக்கின் எர்த் அப்படியே இருக்கும்.

ஏன் இத்தனை வாட்?

கித்தார்காரர் 30 வாட் ஆம்போடு வருகிறார். பேஸ்காரர் 300 வாட்டோடு வருகிறார். ஆடம்பரமா? இல்லை. இரண்டு காரணங்கள்.

முதல் காரணம் நம் காது. 1933இல் ஃபிளெட்சர், மன்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், மனிதக் காது எல்லா அதிர்வெண்களையும் ஒரே மாதிரி கேட்பதில்லை என்பதை அளந்து காட்டினார்கள். 1000 ஹெர்ட்ஸ் ஒலி 40 டெசிபெல்லில் நமக்கு மெல்லிய பேச்சு போலக் கேட்கிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலி அதே அளவு உரக்கக் கேட்க வேண்டுமென்றால், இன்றைய அளவீட்டின்படி அது 80 டெசிபெல்லைத் தாண்ட வேண்டும். டெசிபெல் கணக்கில் ஒவ்வொரு 10க்கும் சக்தி பத்து மடங்கு. 40 டெசிபெல் வித்தியாசம் என்றால் 10,000 மடங்கு! ஒலி உரக்கமானால் இந்த இடைவெளி சுருங்கும், ஆனால் மறையாது.

இரண்டாவது காரணம் காற்று. ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னும் ஆடிக் காற்றைத் தள்ளுகிறது. அதே ஒலி அழுத்தம் வேண்டுமென்றால், அதிர்வெண் பாதியாகும்போது கூம்பு நான்கு மடங்கு தூரம் ஆட வேண்டும். 330 ஹெர்ட்ஸிலிருந்து 41 ஹெர்ட்ஸுக்கு மூன்று முறை பாதியாக்க வேண்டும். நான்கு பெருக்கல் நான்கு பெருக்கல் நான்கு, 64 மடங்கு. அவ்வளவு தூரம் ஆடினால் கூம்பு கிழிந்துவிடும். ஆகவே பரப்பைக் கூட்டுகிறார்கள். 10 அங்குல ஸ்பீக்கர் நான்கைச் சேர்த்தால் ஒரே 15 அங்குல ஸ்பீக்கரைவிடப் பரப்பு அதிகம். விட்டத்தை வர்க்கப்படுத்திப் பாருங்கள்: 400க்கு 225.

1969இல் வந்த ஆம்பெக் எஸ்.வி.டி. இந்தக் கணக்கின் அப்பட்டமான விடை. வெற்றிடக் குழாய்களால் இயங்கிய 300 வாட் ஆம்ப், 10 அங்குல ஸ்பீக்கர் எட்டு அடங்கிய ஆளுயரப் பெட்டி. அந்த ஆண்டு ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் அது அரங்கேறியது. ஆம்ப் மட்டுமே 35 கிலோவுக்கு மேல். இன்று ‘கிளாஸ் டி’ வகை ஆம்புகள் அதே அளவு சக்தியை, புத்தகப் பையில் அடங்கும் இரண்டு மூன்று கிலோ எடையில் தருகின்றன. அவை மின்சாரத்தைச் சூடாக வீணாக்காமல், ஒரு நொடிக்குள் லட்சக்கணக்கான முறை முழுதாகத் திறந்தும் முழுதாக மூடியும் வேலை செய்கின்றன. குழாயைப் பாதி திறந்து வைப்பதற்குப் பதில், திறந்து மூடித் திறந்து மூடி அளவைச் சரிசெய்வது போல.

ஆம்ப் சுருங்கிவிட்டது, ஸ்பீக்கர் பெட்டி ஏன் அந்த அளவுக்குச் சுருங்கவில்லை? அதற்கு ஒரு விதி இருக்கிறது. ஸ்பீக்கர் வல்லுநர்கள் அதை ஹாஃப்மனின் இரும்பு விதி என்பார்கள். சிறிய பெட்டி, ஆழ்ந்த ஒலி, குறைந்த சக்தியில் உரத்த ஒலி ஆகிய மூன்றில் ஏதாவது இரண்டைத்தான் நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். மூன்றையும் தருவதாக விளம்பரம் சொன்னால், அந்தக் கடையில் காசை எடுக்கும் முன் இன்னொரு முறை யோசியுங்கள்.

அதே போல், 100 வாட் ஆம்பை விற்று 200 வாட் வாங்கினால் ஒலி இரட்டிப்பாகும் என்று நினைக்காதீர்கள். கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. கூர்ந்து கேட்டால் தெரியும், அவ்வளவுதான். ஒலி இரு மடங்கு உரக்கமாக நமக்குத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல் வேண்டும். அதற்குப் பத்து மடங்கு சக்தி வேண்டும். வாட்டைக் கூட்டுவதைவிட இன்னொரு ஸ்பீக்கர் பெட்டியைச் சேர்ப்பது பெரும்பாலும் நல்ல பலன் தரும். ஆனால் இரண்டு 8 ஓம் பெட்டிகளைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 4 ஓம் ஆகும். உங்கள் ஆம்ப் 4 ஓமைத் தாங்குமா என்று அதன் முதுகில் எழுதியிருப்பதைப் பார்த்த பிறகே இணையுங்கள்.

மண்டபம் செய்யும் குறும்பு

நம் ஊர் வெப்பத்தில் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர். 41 ஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் 8.5 மீட்டர். ஒரு பேருந்தின் நீளத்தைக் கிட்டத்தட்ட எட்டுகிறது. இவ்வளவு நீண்ட அலைக்குத் தூணும் மேசையும் பொருட்டே அல்ல. சுற்றிக்கொண்டு போய்விடும். சுவரையும் ஓரளவு ஆட்டிவிட்டு அப்பால் போகும். பக்கத்து வீட்டுப் பாட்டில் நமக்கு ‘தும் தும்’ மட்டும் கேட்பது இதனால்தான். கூரிய ஒலிகளைச் சுவர் தடுத்துவிடுகிறது. அடுக்குமாடியில் பயிற்சி செய்பவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

அறைக்குள் இன்னொரு கூத்து. எதிரெதிர்ச் சுவர்களின் இடைவெளி, அலைநீளத்தில் சரிபாதியாக இருந்தால் அலை அங்கேயே நின்று அதிரும். 4 மீட்டர் நீள அறையை எடுத்துக்கொள்ளுங்கள். அலைநீளம் 8 மீட்டர், அதிர்வெண் சுமார் 43.6 ஹெர்ட்ஸ். அது ஈ கம்பியின் முதல் மெட்டில் வரும் ‘எஃப்’ சுரம்! அந்த அறையில் அந்தச் சுரம் மட்டும் முரசு போல முழங்கும். அடுத்த சுரங்கள் அடங்கிப் போகும். பேஸ்காரரின் விரலில் தவறு இல்லை, அறையின் நீளம்தான் காரணம். இன்னொரு விந்தை: அதே சுரம் சுவரோரம் பெரிதாகவும், அறையின் நடுவில் மிக மெல்லியதாகவும் கேட்கும்.

மண்டபத்தில் மேடையின் இரு பக்கமும் பெரிய சப்-வூஃபர் வைப்பது வழக்கம். நடுவில் நிற்பவருக்கு இரண்டின் ஒலியும் ஒரே நேரத்தில் வந்து கூடும். ஓரமாகப் போனால் ஒன்று அருகிலும் மற்றொன்று தொலைவிலும் இருக்கும். 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 7 மீட்டர். அந்தத் தொலைவு வித்தியாசம் 3.5 மீட்டராக அமையும் இடத்தில் ஓர் அலையின் மேடும் மற்றதன் பள்ளமும் சந்தித்து ஒன்றையொன்று விழுங்கிவிடும். அங்கே உட்கார்ந்திருப்பவர் “பேஸே இல்லை” என்பார். நடுவரிசைக்காரர் “நெஞ்சு அதிருது, குறைங்க” என்பார். இருவர் சொல்வதும் உண்மை. குமிழைத் திருப்பி இதைத் தீர்க்க முடியாது. அனுபவமுள்ள ஒலிப்பொறியாளர்கள் சப்-வூஃபர்களை நடுவில் சேர்த்து அடுக்குவது இதைத் தவிர்க்கத்தான்.

இல்லாத ஒலியைக் கேட்கும் மூளை

இனி தொடக்கத்தில் கேட்ட கைப்பேசிப் புதிருக்கு வருவோம். அதன் குட்டி ஸ்பீக்கர் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழ் ஏறத்தாழ ஊமை. 41 ஹெர்ட்ஸ் அதில் வர வாய்ப்பே இல்லை. பிறகு எப்படி மெட்டு கேட்கிறது?

எந்தக் கம்பியும் ஒரே ஒரு அதிர்வெண்ணில் மட்டும் அதிர்வதில்லை. ஈ கம்பி 41இல் அதிரும்போதே 82, 124, 165 என்று அதன் மடங்குகளிலும் சேர்ந்தே அதிர்கிறது. இவைதான் மேல்சுரங்கள். கைப்பேசியில் 330, 371, 412, 453 ஹெர்ட்ஸ் மேல்சுரங்கள் கேட்கின்றன. நம் மூளை கணக்கில் கெட்டி. ஒவ்வொன்றுக்கும் இடையே 41 வித்தியாசம் இருப்பதைக் கண்டு, “இது 41 ஹெர்ட்ஸ் சுரம்” என்று முடிவுகட்டி, காற்றில் இல்லாத அந்தச் சுருதியை நமக்குக் கேட்க வைத்துவிடுகிறது.

மேடையில் பேஸ் கேட்காத சிக்கலுக்கு விடையும் இங்கேதான் இருக்கிறது. ‘பேஸ் கேட்கவில்லை’ என்றால் நம் கை தானாக ‘பேஸ்’ என்று எழுதியிருக்கும் குமிழுக்குப் போகும். அது கூட்டுவது, காது மந்தமாகக் கேட்கும் அடி ஒலியை. அதிக வாட் செலவாகும், அறை முழங்கும், சுரம் தெளிவாகாது. அதற்குப் பதிலாக ‘மிட்’ என்ற நடுக்குமிழைச் சற்றே கூட்டிப் பாருங்கள். சில நூறு ஹெர்ட்ஸில் உள்ள மேல்சுரங்கள் மேலே வரும். காது அவற்றை எளிதில் பிடிக்கும். மீதியை மூளை பார்த்துக்கொள்ளும்.

அடி ஒலி அளவுக்கு மீறினால் வேறொரு கேடும் உண்டு. காதுக்குள் இருக்கும் நத்தைச்சுருள் எலும்புக்குள் ஒலி அலை எப்படிப் பயணிக்கிறது என்று கண்டறிந்ததற்காக ஜார்ஜ் வான் பெக்கெசி 1961இல் நோபல் பரிசு பெற்றார். கூரிய ஒலிகள் அந்தச் சுருளின் வாசலிலேயே உணரப்படுகின்றன. ஆழ்ந்த ஒலிகள் கடைக்கோடி வரை செல்ல வேண்டும். போகும் வழியில் அவை மற்ற இடங்களையும் ஆட்டிவிடுகின்றன. அதனால் உரத்த ஆழ்ந்த ஒலி, தன்னைவிடக் கூரிய ஒலிகளை எளிதில் மறைத்துவிடும். மண்டபத்தில் பாட்டு வரிகள் புரியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே குரலை ஏற்றுவதைவிட அடியைக் குறைப்பது நல்ல மருந்து.

விலை கொடுப்பது காது

நத்தைச்சுருளுக்குள் ஏறத்தாழ 15,000 நுண்மயிர்ச் செல்கள் இருக்கின்றன. மனிதர்களில் இவை ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. இரைச்சலால் வரும் சேதம் பெரும்பாலும் முதலில் தெரிவது 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில். பேஸ்காரரும் பாட்டின் ஆழத்தை முதலில் இழப்பதில்லை. பேச்சில் ‘ச’, ‘த’, ‘ப’ போன்ற மெய்யொலிகளின் தெளிவையே முதலில் இழப்பார். அவர் காதுக்கு முதல் பகையும் அவருடைய கருவி அல்ல, தோளுக்குப் பக்கத்தில் அடிபடும் டிரம்ஸின் சிம்பல் தட்டுகள்தான். பேஸை ஏற்ற ஏற்ற மற்றவர்களும் ஏற்றுவதால், அந்தத் தட்டுகளும் ஓங்கி அடிபடுகின்றன.

மலேசியாவின் 2019ஆம் ஆண்டு வேலையிட இரைச்சல் விதிமுறைகளும் சிங்கப்பூரின் 2011ஆம் ஆண்டு விதிமுறைகளும், ஒரு நாளின் எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபெல் என்று எல்லை வகுக்கின்றன. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 88க்கு நான்கு மணி நேரம், 91க்கு இரண்டு, 94க்கு ஒன்று, 97க்கு அரை மணி, 100க்குக் கால் மணி நேரம். இசைக் குழுவின் இரண்டு மணி நேரப் பயிற்சியை இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உலகச் சுகாதார நிறுவனமும் 2022இல் இசை அரங்குகளுக்கென ஒரு தரவிதியை வெளியிட்டது. 15 நிமிடச் சராசரி 100 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது என்பது அதன் வரம்பு. 100 கோடிக்கு மேற்பட்ட இளையோர் உரத்த இசையால் செவித்திறனை இழக்கும் ஆபத்தில் இருப்பதாகவும் அந்நிறுவனம் எச்சரிக்கிறது.

கைப்பேசிச் செயலியில் அளந்து பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அவை வழக்கமாகக் காட்டும் ‘ஏ’ வகை டெசிபெல், காதைப் போலவே ஆழ்ந்த ஒலியைக் குறைத்து மதிப்பிடும். 50 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 30 டெசிபெல்லைக் கழித்துவிடும். எண் சிறிதாக இருப்பதால் பக்கத்து வீட்டுக்குத் தொல்லை இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். செயலியில் ‘சி’ வகை இருந்தால் அதையும் பாருங்கள்.

அடுத்த பயிற்சிக்கு முன்

செலவில்லாத வழிகளிலிருந்து தொடங்குங்கள்.

ஸ்பீக்கர் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு அதன் முன்னால் ஒட்டி நிற்காதீர்கள். தெளிவைத் தரும் நடு ஒலிகள் நேர்கோட்டில் முழங்காலை நோக்கிப் போகின்றன. முழங்காலுக்குக் காது கிடையாது. பெட்டியை நாற்காலி மேல் உறுதியாக ஏற்றுங்கள், அல்லது காதை நோக்கிச் சாய்த்து வையுங்கள்.

அறை முழங்கினால் பெட்டியை மூலையிலிருந்து வெளியே இழுங்கள். சுவரும் தரையும் சேரும் மூலை, ஆழ்ந்த ஒலியைக் கூட்டிக் கொடுக்கும்.

ஒருவர் ஏற்றினால் மற்றவர் ஏற்றுவதற்குப் பதில், அதிகம் ஒலிப்பவர் குறையுங்கள். டிரம்ஸ் வாசிப்பவரின் இயல்பான ஒலியை அளவாகக் கொண்டு மற்றவர்கள் சரிசெய்துகொள்ளுங்கள்.

இசைக் கலைஞர்களுக்கென்று செய்யப்பட்ட காதடைப்பான்கள் எல்லா அதிர்வெண்ணையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைக்கும். சாதாரணப் பஞ்சு அடைப்பான் கூரிய ஒலிகளை அதிகம் குறைப்பதால் இசை மங்கிக் கேட்கும். ஆனால் ஒன்றும் இல்லாமல் இருப்பதைவிட அது எவ்வளவோ மேல். பயிற்சிக்குப் பிறகு காது இரைந்தாலோ, பஞ்சடைத்தது போல் இருந்தாலோ, அடுத்த முறை ஒலியைக் குறைக்க வேண்டும் என்பதற்கு அதுவே அறிகுறி. அந்த இரைச்சல் அடுத்த நாளும் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

பெற்றோர்களே, பிள்ளைக்கு ஆம்ப் வாங்கித் தரும்போது காதடைப்பானையும் சேர்த்து வாங்குங்கள்.

செய்து பாருங்கள்

பழைய வானொலியிலிருந்து கழற்றிய சிறிய ஸ்பீக்கர் ஒன்றை, மின்கலத்தால் இயங்கும் குட்டிப் பெருக்கியில் இணைத்துப் பாட்டு ஒலிக்க விடுங்கள். ஒலி சன்னமாக, தகரத்தில் தட்டியது போலக் கேட்கும். இப்போது பெரிய அட்டை ஒன்றில் கூம்பின் அளவுக்கு ஓட்டை போட்டு, ஸ்பீக்கரை அதோடு ஒட்டிப் பிடியுங்கள். அதே பாட்டு, அதே சக்தி, ஆனால் அடி ஒலி சட்டென்று மேலே வரும். கூம்பின் முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கிறது. அட்டை இல்லாதபோது இரண்டும் விளிம்பைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துக்கொண்டன. அட்டை அந்த வழியை அடைத்தது.

குமிழை நீங்கள் தொடவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அடுத்த முறை யாராவது “பேஸ் கேக்கல, ஏத்துங்க” என்றால், இந்த அட்டைத் துண்டை நினைத்துக்கொள்ளுங்கள்.